நம்பர் தெரியும், பேர் தெரியாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க வாசகர் பக்கத்துல ஒருத்தர் எழுதியிருந்தாரு. காலேஜ், யுனிவர்சிட்டி எல்லாத்துலயும் இன்டர்னல் மார்க்கை தூக்கிடணும், வாத்தியார் கையில 25 மார்க் இருக்கறதாலதான் பாரபட்சம் வருது, அட்மிஷன்ல இருந்து வேலை வரைக்கும் பரீட்சை மார்க்கை மட்டும் பாருங்க, சிபாரிசு லெட்டர்ங்கறதே காக்கா புடிக்கற வேலைன்னு. படிச்சதும் ஆமான்னு தலையாட்டிட்டேன். அப்புறம் ராத்திரி மாவு பிசையும்போதுதான் உறைச்சுது, எனக்கே ஒருத்தர் லெட்டர் எழுதிக் குடுத்திருக்காரே, நான் எப்படி ஆமான்னு சொன்னேன்னு. அதான் உக்காந்து எழுதறேன். நீளமா போச்சு, வேணுங்கறதை வெட்டிக்கோங்க. பேரை மட்டும் போட்றாதீங்க, அரசு பள்ளி வேலை, பேப்பர்ல பேர் வந்தா நூறு கேள்வி வரும்.

முதல்ல அவர் சொன்னதுல சரியான பாதியை சொல்லிடறேன். 1995ல நான் பிளஸ் டூ எழுதினேன், அரக்கோணம் பக்கம் ஒரு கிராமம், தமிழ் மீடியம். அப்பல்லாம் ரிசல்ட் பேப்பர்லதான் வரும், பக்கம் பக்கமா நம்பர் மட்டும், எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்துல. எங்கப்பா சைக்கிள் கடை வச்சிருந்தாரு, அவருக்கு எழுத்துக் கூட்டி படிக்கறது அவ்வளவா வராது ஆனா நம்பர் நல்லா வரும், வரவு செலவெல்லாம் மனசுலயே போடுவாரு. அன்னிக்கு என் நம்பரை உள்ளங்கையில பேனாவால எழுதிக்கிட்டு ஸ்டேஷன் வாசல்ல போய் நின்னு, பேப்பர் கட்டு வந்து இறங்கினதும் வாங்கி, யார்கிட்டயும் குடுத்து பாக்கச் சொல்லாம அவரே விரலை வச்சு தேடி கண்டுபுடிச்சிட்டாரு. அவர் வாழ்க்கையில முழுசா தானே படிச்ச சேதி அது ஒண்ணுதான்னு நினைக்கறேன். என் பேர் போட்டிருந்தா அடுத்தவங்களைத்தான் கேட்டிருப்பாரு.

அதனால நம்பரை நான் குறை சொல்லமாட்டேன். யுனிவர்சிட்டி பரீட்சையில பேப்பர் திருத்தப் போறதுக்கு முன்னாடி ரெஜிஸ்டர் நம்பரையும் மறைச்சிட்டு டம்மி நம்பர் போடுவாங்க, திருத்தறவங்களுக்கு நான் பொண்ணா பையனா, எந்த ஊரு, எங்கப்பா யாரு, என்ன சாதின்னு ஒண்ணும் தெரியாது. எங்க தெருவுல இருந்து போன பொண்ணுக்கு அதுதான் முதல் பாதுகாப்பு. இதை அனுபவிச்சவங்களுக்குத்தான் அருமை தெரியும்.

சொல்லப்போனா நம்ம ஊர் யுனிவர்சிட்டி பிறந்ததே நம்பர் குடுக்கத்தான். சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல வந்தது, அதே வருஷம்தான் கல்கத்தாவும் பம்பாயும். மூணுமே லண்டன் யுனிவர்சிட்டி மாதிரி, பாடம் நடத்தறது காலேஜுங்க வேலை, பரீட்சை வச்சு பட்டம் குடுக்கறது மட்டும் யுனிவர்சிட்டி வேலை. அங்கயே வாத்தியாருங்க உக்காந்து பாடம் எடுக்கறதெல்லாம் அரை நூற்றாண்டுக்கு அப்புறம் வந்த சமாச்சாரம். முதல்ல பி.ஏ. தேறினது ரெண்டே பேரு, ரெண்டு பேருமே யாழ்ப்பாணத்துக்காரங்க, அதுல ஒருத்தர்தான் பின்னாடி ஓலைச்சுவடியில கிடந்த கலித்தொகையை அச்சுல கொண்டுவந்த சி.வை. தாமோதரம்பிள்ளை. ரெண்டு பேர் பாஸ் ஆன வருஷத்துல நம்பரே தேவைப்பட்டிருக்காது, பேரை சொல்லியே கூப்புட்டிருப்பாங்க. இப்ப லட்சக்கணக்குல எழுதறாங்க, நம்பர் இல்லாம முடியுமா.

சரி, என் கதைக்கு வரேன். பி.எஸ்சி. முடிச்சிட்டு 1998ல சேப்பாக்கத்துல எம்.எஸ்சி. கணக்கு சேர்ந்தேன், ராமானுஜன் இன்ஸ்டிட்யூட்ல. அழகப்பச் செட்டியார் 1950ல ராமானுஜன் ஞாபகார்த்தமா ஆரம்பிச்சது, 1957ல யுனிவர்சிட்டி எடுத்துக்கிச்சு. ஹாஸ்டல் வேண்டாம்னு வீட்ல சொல்லிட்டாங்க, பொண்ணை ராத்திரி வெளியில தங்க விடமாட்டோம்னு. அதனால ரெண்டு வருஷமும் ட்ரெயின்தான். அரக்கோணத்துல இருந்து சென்ட்ரல் 69 கிலோமீட்டர், எலக்ட்ரிக் ட்ரெயின்ல ரெண்டு மணி நேரம் புடிக்கும். சென்ட்ரல்ல இறங்கி ரோட்டைத் தாண்டி பார்க் டவுன் போய் பறக்கும் ரயில் ஏறுனா சிந்தாதிரிப்பேட்டை, அடுத்தது சேப்பாக்கம், அந்த லைன் வந்து அப்ப மூணு வருஷம்தான் ஆயிருந்துச்சு, காலியா போகும், தனியா ஒரு பொட்டியில உக்காந்து போறது எனக்கு ராணி மாதிரி இருக்கும். காலையில லேடீஸ் கம்பார்ட்மென்ட்ல திருவள்ளூர் வரைக்கும் உக்கார இடம் இருக்கும், அதுக்குள்ள ஹோம்வொர்க் கணக்கு ரெண்டாவது போட்டு முடிச்சிடணும், அப்புறம் பூக்கூடை, கீரைக்கட்டு, அம்பத்தூர் கம்பெனிக்கு போற பொண்ணுங்கன்னு ஏறிடுவாங்க, நோட்டை விரிக்க முடியாது. பூ விக்கற அக்கா ஒருத்தங்க என் நோட்டை பாத்துட்டு, என்னம்மா நம்பரே இல்லாம கணக்கு போடறன்னு கேட்டாங்க. அவங்க கேட்டது நியாயம்தான், எம்.எஸ்சி. கணக்குல நம்பரே வராது, ஏ, பி, எப்சிலான், டெல்டான்னு ஓடிக்கிட்டிருக்கும்.

முதல் மாசம் நான் வாயே திறக்கல. கிளாஸ்ல முப்பது சொச்சம் பேரு, ஸ்டெல்லா மாரிஸ், லயோலால இருந்து வந்தவங்க இங்கிலீஷ்ல டவுட் கேக்கறப்ப எனக்கு கணக்கு புரியும், கேள்வி புரியாது. நாகர்கோவில் பொண்ணு ஒருத்தி, விழுப்புரம் பையன் ஒருத்தன், நான், மூணு பேரும் கடைசி பெஞ்ச், கடைசி பெஞ்ச்னா குறும்புக்கு இல்ல, பயத்துக்கு. மத்தியானம் மூணு பேரும் டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டு ரோட்டை கடந்து பீச் பக்கம் போயிடுவோம், அங்கதான் இங்கிலீஷ் இல்லாம பேசலாம், மணல்ல குச்சியால கோடு போட்டு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக் குடுப்போம். டோபாலஜிங்கற கணக்குப் பாடத்துல பாதி நான் மெரினா மணல்ல படிச்சதுதான்.

டோபாலஜி எடுத்த சார், பேர் வேண்டாம், அவர் இப்ப இல்ல, அங்கயே ரொம்ப வருஷமா இருந்தவரு. காம்பேக்ட்னு ஒரு சமாச்சாரம் நடத்திக்கிட்டிருந்தாரு. தெரியாதவங்களுக்கு சும்மா சொல்றேன், ஒரு செட்டை, அதாவது புள்ளிங்களோட தொகுப்பை, எத்தனை ஓப்பன் செட்டை (ஓரப்புள்ளி சேராத தொகுப்பு) வச்சு வேணா மூடிக்கோ, முடிவில்லாம கூட எடுத்துக்கோ, அதுல இருந்து எண்ணிக்கைக்கு அடங்கற கொஞ்சத்தை மட்டும் பொறுக்கி எடுத்தாலும் முழுசா மூடணும், அப்பதான் அது காம்பேக்ட். 0, 1 ரெண்டையும் சேர்க்காம அதுக்கு நடுவுல இருக்கற இடைவெளி காம்பேக்ட் இல்லன்னு போர்டுல எழுதினாரு. எனக்கு மண்டைக்குள்ள ஒரு கேள்வி குடையுது, கேக்க இங்கிலீஷ் வரல, மூஞ்சி எப்படி போச்சோ தெரியல, அவர் போர்டுல இருந்து திரும்பி, கடைசி பெஞ்ச், நடுவுல இருக்கற பொண்ணு, உன் பேர் என்னம்மான்னாரு. சொன்னேன். என்ன சந்தேகம், தமிழ்லயே கேளுன்னாரு. எழுந்து நின்னு, சார், அந்த 0க்கும் 1க்கும் நடுவுல இருக்கறதை மூட அது ஒண்ணே போதுமே சார், அதுவே ஒரு ஓப்பன் செட்தானே, ஒரே ஒரு செட்டு, அப்புறம் ஏன் காம்பேக்ட் இல்லன்னு கேட்டேன். முன்னாடி பெஞ்ச்ல யாரோ சிரிச்சாங்க. அவர் சிரிக்கல. சாக்பீஸை வச்சிட்டு சொன்னாரு, நல்ல கேள்வி, நீ உன்கிட்ட இருக்கற போர்வையை சொல்ற, நான் ஊர்ல இருக்கற எல்லா போர்வைக்கும் கேக்கறேன், ஒரே ஒரு போர்வை சதி பண்ணாலும் அது காம்பேக்ட் இல்லன்னு. அப்புறம் அந்த சதி பண்ற போர்வையை போர்டுல வரைஞ்சு காட்டினாரு. இன்னிக்கு வரைக்கும் ஓப்பன் கவர்னா எனக்கு போர்வைதான்.

அன்னில இருந்து அவருக்கு என் பேர் தெரியும். அவ்வளவுதான் நடந்தது, பெரிசா ஒண்ணுமில்ல. ஆனா பேர் தெரிஞ்ச வாத்தியார் கிளாஸ்ல நம்மளால கட் அடிக்க முடியாது, ட்ரெயின் லேட்டானாலும் சேப்பாக்கம் ஸ்டேஷன்ல இருந்து ஓடணும். 1999 ஜனவரியில இந்தியா பாகிஸ்தான் டெஸ்ட் மேட்ச் நடந்துச்சே, சச்சின் 136 அடிச்சும் 12 ரன்ல தோத்தது, அந்த மேட்ச் எங்க ஸ்டேஷனுக்கும் கிளாஸுக்கும் நடுவுலதான். வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் பாதி பேர் வரல, கடைசி பெஞ்ச் மூணும் வந்தோம். ஃபேன் சத்தத்துக்கு மேல ஸ்டேடியம் சத்தம் அலை மாதிரி வரும். வெள்ளிக்கிழமை திடீர்னு ஒரு இரைச்சல், அதுக்கப்புறம் மயானம் மாதிரி அமைதி. சார் போர்டுல எழுதிக்கிட்டே, யாரோ முக்கியமானவன் போயிட்டான்போலன்னாரு. சச்சின் அன்னிக்கு டக் அவுட், எங்களுக்கு சாயந்திரம் ட்ரெயின்லதான் தெரிஞ்சுது.

லைப்ரரி பத்தி ஒரு வார்த்தை சொல்லாம போக மனசு வரல. புத்தகத்துக்கு நம்பர் போடறதுக்கு ஒரு தனி முறையே கண்டுபுடிச்ச எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை யுனிவர்சிட்டிலதான் 1924ல லைப்ரரியனா சேர்ந்தாரு, அதுக்கு முன்னாடி அவரும் கணக்கு வாத்தியாரு. அவர் போட்ட நம்பர் எதுக்குன்னா தேடி வர்றவங்களுக்கு புத்தகம் கிடைக்கறதுக்கு, அலமாரியில போட்டு பூட்டறதுக்கு இல்ல. நம்பர் போடறதுல இப்படியும் ஒரு வகை இருக்குன்னு சொல்றேன்.

இப்ப லெட்டர் கதை. 1999 கோடை லீவுக்கு எம்டிடிஎஸ்னு ஒரு கணக்கு முகாம், 1993ல இருந்து நடக்குது, நாடு முழுக்க இருந்து மாணவர்களை எடுத்து நாலு வாரம் சொல்லிக் குடுப்பாங்க, சாப்பாடு, தங்கற இடம் எல்லாம் அவங்க செலவு. அப்ளிகேஷனோட வாத்தியார் ஒருத்தர் லெட்டர் வைக்கணும். என் மார்க் பாத்தா யாரும் எடுக்க மாட்டாங்க, முதல் செமஸ்டர்ல 58, இங்கிலீஷ்ல ப்ரூஃப் எழுத கை வரல. சார்கிட்ட போய் நின்னேன். அவர் அங்கயே கையால எழுதி, கவர்ல போட்டு, ஒட்டின இடத்துல குறுக்க கையெழுத்து போட்டுக் குடுத்தாரு. நான் தயங்கிக்கிட்டே, மார்க் கம்மியா இருக்கே சார்னு கேட்டேன். மார்க் அவங்களுக்கே தெரியும்மா, உன் ஷீட்ல இருக்கு, நான் நீ கேட்ட போர்வை கேள்வியை எழுதியிருக்கேன்னாரு. எடுத்துட்டாங்க. முதல் தடவையா நான் வேற மாநிலம் போனது அதுக்குத்தான், அப்பா பிளாட்ஃபார்ம்ல நின்னு கை ஆட்டினது இப்பவும் கண்ணுல இருக்கு. அந்த நாலு வாரம் இல்லன்னா கணக்குல நான் நின்னிருக்க மாட்டேன், பி.எட். முடிச்சு ஏதோ ஒரு சப்ஜெக்ட் எடுத்திருப்பேன்.

வாசகர் நண்பர் இதைத்தான் காக்கா புடிக்கறதுன்னு சொல்றாரா தெரியல. ராமானுஜனையே எடுத்துக்கோங்க. கும்பகோணத்துல ஸ்காலர்ஷிப் போச்சு, அப்புறம் பச்சையப்பா காலேஜ்ல சேர்ந்து எஃப்.ஏ. பரீட்சையில, அதாவது பி.ஏ.வுக்கு முன்னாடி எழுதற காலேஜ் பரீட்சையில, 1907ல ஃபெயில், கணக்கைத் தவிர மத்ததெல்லாம் அவருக்கு வரல. நம்பரை மட்டும் பாத்தா கதை அங்க முடிஞ்சுது. அதுக்கப்புறம் நடந்ததெல்லாம் லெட்டர்தான் சார். போர்ட் டிரஸ்ட் கிளார்க் வேலைக்கு, மாசம் 30 ரூபா, பிரசிடென்சி காலேஜ் கணக்கு புரபசர் மிடில்மாஸ்ட் சிபாரிசு எழுதினாரு. 1913ல கில்பர்ட் வாக்கர், வானிலை துறை தலைவர், ஊருக்கு வந்தப்ப நோட்டை பாத்துட்டு யுனிவர்சிட்டி ரிஜிஸ்டிராருக்கு எழுதினாரு. எந்த யுனிவர்சிட்டி பரீட்சையில ஃபெயிலோ அதே யுனிவர்சிட்டி அந்த வருஷம் மே மாசத்துல இருந்து 75 ரூபா ஸ்காலர்ஷிப் குடுத்துச்சு, பட்டமே இல்லாதவருக்கு. கேம்பிரிட்ஜ் கணக்கு மேதை ஹார்டிக்கு ராமானுஜன் எழுதினதை எல்லாரும் சொல்றோம், அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் உள்ளூர்ல எத்தனை பேர் உக்காந்து எழுதியிருக்காங்கன்னு யாரும் சொல்றதில்ல. எல்லாரும் ராமானுஜன் ஆக முடியாது, தெரியும். 58 மார்க் பொண்ணுக்கும் ஒருத்தர் எழுதணும்னு சொல்றேன்.

இதெல்லாம் இப்ப எதுக்குன்னா எங்க அக்கா பொண்ணு. அவ ஒரு பெரிய அரசு பல்கலைக்கழகத்துல எம்.எஸ்சி. கடைசி வருஷம், எதுன்னு சொல்லல, சொன்னா அவளுக்குத்தான் பிரச்சினை. நல்லா படிக்கறா, என்னை விட ரொம்ப நல்லா. வெளியில ஒரு பெரிய இன்ஸ்டிட்யூட்ல பிஎச்.டி.க்கு அப்ளை பண்றா. மூணு பேர் ரெஃபரன்ஸ் லெட்டர் கேக்கறாங்க, இப்பல்லாம் கவர் கிடையாது, ஆன்லைன் ஃபார்ம்ல வாத்தியாரோட மெயில் ஐடி போட்டா அவங்களுக்கே லிங்க் போகும், அவங்களே ஏத்தணும். போன மாசம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி அழுவறா. சித்தி, எனக்கு லெட்டர் குடுக்க ஆளே இல்லன்னு.

விசாரிச்சா கதை இப்படி. அவ டிபார்ட்மென்ட்ல நிரந்தர வாத்தியாருங்க ரெண்டே பேரு. மிச்சம் பூராவும் கெஸ்ட் லெக்சரர். அவளுக்கு அல்ஜீப்ரா எடுத்தவரு, அவரைப் பத்திதான் எப்பவும் பேசுவா, போர்டே பாக்காம எழுதுவாரு சித்தி, என் ப்ரூஃப்ல ஓட்டை கண்டுபுடிச்சு ஒரு வாரம் யோசிக்க விட்டாருன்னு, அவருக்கு அடுத்த செமஸ்டர் ரினியூ ஆகல, இப்ப ஒரு கோச்சிங் சென்டர்ல இருக்காரு. போன் பண்ணா, கட்டாயம் எழுதறேம்மான்னு சொல்லியிருக்காரு, பாவம் நல்ல மனுஷன். ஆனா ஃபார்ம்ல அவரோட ஜிமெயில் ஐடி போட்டா சிவப்புல எரர் காட்டுது, இன்ஸ்டிட்யூஷன் மெயில்தான் வேணுமாம். வேலையில இருந்தப்பவே அவருக்கு யுனிவர்சிட்டி மெயில் குடுக்கலயாம், கெஸ்ட்டுக்கெல்லாம் கிடையாதுன்னு. அனாலிசிஸ் எடுத்தவங்களும் அதே கதை, அவங்க கல்யாணம் ஆகி வேற ஊர் போயிட்டாங்க.

நிரந்தரமா இருக்கற ரெண்டு பேர்ல ஒருத்தர் இவளுக்கு பாடமே எடுக்கல. இன்னொருத்தர் ஒரு பேப்பர் எடுத்திருக்காரு, அவர்கிட்ட எக்ஸாம் வேலை, யுனிவர்சிட்டி தரம் பாக்கற நாக் குழுவுக்கான ஃபைல், அட்மிஷன், ஹாஸ்டல் கமிட்டி எல்லாம் தலையில இருக்கு, மனுஷனுக்கு நிக்க நேரமில்ல, அவரை தப்பு சொல்லமாட்டேன். நீயே ஒரு டிராஃப்ட் அடிச்சு கொண்டாம்மா, நான் போட்டுடறேன்னாரு. இதுதான் இப்ப எல்லா இடத்துலயும் நடக்கறது, தன்னைப் பத்தின லெட்டரை தானே எழுதிக்கறது. எங்க பொண்ணு லேப்டாப்பை வச்சுக்கிட்டு, சித்தி என்னைப் பத்தி நானே என்ன எழுதறதுன்னு கேக்கறா. நெட்ல பாத்தா எல்லா மாடல்லயும் ஹார்ட் ஒர்க்கிங், சின்சியர், டிசிப்ளின்ட், இந்த மூணுதான். நாங்க டிசி எழுதறப்ப நடத்தைன்னு ஒரு காலம் இருக்கும், எல்லா பிள்ளைக்கும் நன்று, நன்று, நன்றுன்னு போட்டுக்கிட்டே போவோம், கிளாஸ்ல ராக்கெட் விட்டவனுக்கும் நன்று, வாயே திறக்காததுக்கும் நன்று. அந்த மாதிரிதான் இதுவும். அவ அல்ஜீப்ரா சாருக்கு தெரிஞ்ச ஒரு வாரத்து ஓட்டை கதையை இந்த மெயில் ஐடி இருக்கறவரு எப்படி எழுதுவாரு.

அவ முதல் செமஸ்டர்ல இருந்து மூணாவது செமஸ்டர் வரைக்கும் எட்டு கெஸ்ட் லெக்சரர் மாறியிருக்காங்களாம். எட்டு பேருக்கும் இவ புதுசு. ஒவ்வொரு தடவையும் அட்டெண்டென்ஸ் எடுக்கறப்ப நம்பரைத்தான் கூப்புடுவாங்களாம், பேர் ஞாபகம் வர்றதுக்குள்ள செமஸ்டர் முடிஞ்சுடுது, அவங்களும் முடிஞ்சு போயிடறாங்க.

கெஸ்ட் லெக்சரர் மேல எனக்கு கோவம் இல்ல, அவங்க நிலைமை நமக்கு தெரியும். நம்ம அரசு கலைக் கல்லூரிங்கள்ல கௌரவ விரிவுரையாளர்னு பேரு, கௌரவம் பேர்லதான் இருக்கு. மாசம் 20,000ஆ இருந்து 25,000 ஆச்சு, அதுவும் வருஷத்துல 11 மாசம், மே மாசம் சாப்புட மாட்டாங்கன்னு நினைச்சிட்டாங்க. யுஜிசி 50,000 வரைக்கும் குடுக்கலாம்னு சொல்லி எத்தனையோ வருஷம் ஆகுது. பிஎச்.டி., விரிவுரையாளர் தகுதித் தேர்வான நெட், செட் எல்லாம் முடிச்சிட்டு நாப்பது வயசுல அடுத்த வருஷம் இருப்போமான்னு தெரியாதவங்க, எந்த பிள்ளை பேரை ஞாபகம் வச்சுக்குவாங்க. எங்க டோபாலஜி சார் ஒரே ரூம்ல அத்தனை வருஷம் இருந்தாரு, நான் பாஸ் ஆகி அஞ்சு வருஷம் கழிச்சு டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) வெரிஃபிகேஷனுக்கு ஒரு சர்டிஃபிகேட் வாங்கப் போனப்பவும் அதே கதவு, அதே மேஜை, என்ன போர்வைன்னு கூப்புட்டாரு. அவர் ஒண்ணும் அவதாரம் இல்ல, சில நேரம் எரிஞ்சு விழுவாரு, பேப்பர் திருத்தறதுல கஞ்சன். ஆனா இருந்தாரு.

இருக்கறதுங்கறது இப்ப மேல இருந்தே இல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்துல ஏ. லட்சுமணசுவாமி முதலியார் 1942ல இருந்து 1969 வரைக்கும் 27 வருஷம் ஒரே துணைவேந்தரா இருந்தாரு, அவ்வளவு நாள் ஒருத்தரே இருக்கறது சரியான்னு அது வேற பேச்சு. இப்ப 2023 ஆகஸ்டுக்கு அப்புறம் வருஷக்கணக்குல துணைவேந்தரே இல்லாம ஓடுச்சு, கவர்னருக்கும் அரசுக்கும் நடந்த சண்டையில. 2024ல வருமான வரித்துறை பேங்க் அக்கவுண்ட்டை முடக்கினதும் உங்க பேப்பர்லயே வந்துச்சு. நாற்காலியும் இல்ல, கல்லாவும் பூட்டுன்னா புதுசா வாத்தியார் எங்க இருந்து எடுப்பாங்க. நான் படிச்ச இடம்ங்கறதால வயித்தெரிச்சல்ல சொல்றேன்.

வாசகர் நண்பர் பயப்படறதுலயும் அர்த்தம் இருக்கு, அதை மறைக்க மாட்டேன். பேர் தெரிஞ்ச வாத்தியார் நல்லவரா இருக்கணும். பேர் தெரிஞ்சதாலயே, ஊர் தெரிஞ்சதாலயே, பேருக்குப் பின்னாடி வர்றது தெரிஞ்சதாலயே இன்டர்னல்ல கை வச்ச கதை எனக்கும் தெரியும், என்கூட பி.எஸ்சி. படிச்ச பொண்ணு 75க்கு 61 எடுத்துட்டு 25க்கு 9 வாங்குனா, அவ டிபார்ட்மென்ட்ல யாருக்கோ அவளை புடிக்காது, அவ்வளவுதான் காரணம். அதுக்கு வழி இன்டர்னலை ரெண்டு பேர் பாக்கட்டும், பிள்ளைங்களுக்கு பேப்பரை திருப்பிக் காட்டட்டும், கேள்வி கேக்க ஒரு இடம் இருக்கட்டும். அதை விட்டுட்டு வாத்தியார் வாயையே கட்டிட்டா, மார்க்ல தெரியாத பிள்ளைக்கு பேச யாரு இருக்கா. வசதியானவங்க வீட்டுப் பிள்ளைக்கு மாமா இருக்காரு, அப்பாவோட ஃபிரண்ட் ஐஐடில இருக்காரு, ரெண்டு மாசம் ப்ராஜெக்ட்னு அனுப்பி லெட்டர் வாங்கிடுவாங்க. சைக்கிள் கடைக்காரர் பொண்ணுக்கு டிபார்ட்மென்ட்ல இருக்கற வாத்தியாரை விட்டா வேற யாரும் கிடையாது. அதனால இந்த காலி இடத்துல அடி வாங்கறது யாருன்னு பாத்துக்கோங்க.

நிரந்தர இடத்தை நிரப்பணும்னு நீங்களும் தலையங்கம் எழுதறீங்க, நாங்களும் படிக்கறோம், அது எப்ப நடக்குமோ. அதுவரைக்கும் செலவே இல்லாத ஒரு வேலை இருக்கு, அதை உங்க பேப்பர் மூலமா உயர்கல்வித் துறைக்கு சொல்லணும்னுதான் இவ்வளவு எழுதினேன். கெஸ்ட் லெக்சரர் ஒவ்வொருத்தருக்கும் சேர்ற அன்னிக்கே யுனிவர்சிட்டி மெயில் ஐடி குடுங்க, வேலையை விட்டுப் போனாலும் ரெண்டு வருஷம் அதை மூடாதீங்க. எந்த வருஷம், எந்த பேப்பர் எடுத்தாருன்னு வெப்சைட்ல ஒரு வரி போடுங்க. அவர் கோச்சிங் சென்டர்ல இருந்தாலும், ஊர்ல வயல் பாத்துக்கிட்டிருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு லெட்டர் எழுத முடியும். ஒரு மெயில் ஐடி குடுத்தா என்ன குறைஞ்சுடும்.

அக்கா பொண்ணுக்கு கடைசி தேதி 15. மூணுல ஒரு லெட்டர் ஏறியிருக்கு, அவளே எழுதினது. ரெண்டாவதுக்கு அந்த இன்ஸ்டிட்யூட்டுக்கே மெயில் போட்டு, இவர்தான் எனக்கு பாடம் எடுத்தாரு, இவருக்கு ஜிமெயில்தான் இருக்குன்னு விளக்கம் கேட்டு எழுதியிருக்கா. பதில்ல டியர் அப்ளிகன்ட்னு ஆரம்பிச்சு அப்ளிகேஷன் நம்பர் போட்டிருக்கு, பரிசீலிக்கறோம்னு. பாத்துக்கிட்டிருக்கோம்.

இப்படிக்கு,
ஒரு அரசுப் பள்ளி கணக்கு டீச்சர்,
திருவள்ளூர் மாவட்டம்.